கப்பலைவிட்டு இறங்காத அப்பாவின் யோசனைகள்

நிகில் கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். கல்யாணம் முடிந்து ஐந்து மாதம் கழித்து இப்போதுதான் உனக்கும் மேகாவுக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கரீபியன் பக்கம் கப்பலில் போகிறீர்கள். "அப்பா, ஒவ்வொரு தீவுலயும் ஒரு நாள் பகல்தான் டைம் குடுக்கறாங்க. எனி டிப்ஸ்?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் நீயே சிரித்துவிட்டாய். "ஓ வெயிட், யூ நெவர் காட் ஆஃப் த போட்!" உன் பின்னால் மேகா சிரிக்கும் சத்தமும் கேட்டது. இந்தப் பக்கம் நானும் சிரித்தேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்தாள். போனை அவள் கையில் கொடுத்துவிட்டு கராஜுக்குப் போய்விட்டேன். கராஜில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, சும்மா பனி தள்ளுகிற மண்வாரியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றி வைத்தேன்.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை, அதனால் எழுதுகிறேன். யோசனையும் சொல்கிறேன், பதினாறு வருடமாகச் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். இரண்டும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள். இறங்காதவனுக்குக் கரையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்காதே. இறங்கினவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கடற்கரையைத்தான் பார்த்தார்கள். நாம் பதினாறு வருடத்துக்கு முன்னால் போன கப்பலில் நான் மேலே நின்றபடி, மூவாயிரம் பேர் எப்படிப் போனார்கள், எப்படித் திரும்பி வந்தார்கள் என்பதை ஒன்பது மணி நேரம் பார்த்தவன். அந்தக் கப்பலில் அப்படி ஒரு வேலை செய்த பைத்தியக்காரன் நான் ஒருவன்தான்.

முதலில், காலையில் கதவு திறந்ததும் அடித்துப்பிடித்துக்கொண்டு போய் வரிசையில் நிற்காதே. கப்பல் ஏற்பாடு செய்யும் டூருக்குப் பணம் கட்டியவர்கள்தான் அந்த நேரத்தில் போயாக வேண்டும். மற்றவர்களும் அவர்களோடு சேர்ந்து முண்டுவதால் லிஃப்ட் முன்னால் பழைய பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிடுகிறது. நிதானமாக உட்கார்ந்து காலை உணவை முடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கழித்துப் போனால் வழி காலியாக இருக்கும், வீசி நடக்கலாம். அடுத்தது நேரம். கப்பலுக்கு ஒரு கடிகாரம், தீவுக்கு ஒரு கடிகாரம். சில தீவுகளில் இரண்டும் ஒன்றாக இருக்கும், சிலவற்றில் ஒரு மணி நேரம் வித்தியாசப்படும். உன் போன் உன்னைக் கேட்காமலே தீவு நேரத்துக்கு மாறிக்கொள்ளும். அதை நம்பாதே. கையில் ஒரு சாதாரண கடிகாரம் கட்டிக்கொள், அதில் கப்பல் நேரம் மட்டும்தான் ஓட வேண்டும். எத்தனை மணிக்குள் எல்லாரும் ஏறியிருக்க வேண்டும் என்று தினமும் ஒரு தாளில் போட்டுக் கொடுப்பார்கள், துறைமுகத்தில் இருக்கும் அவர்களுடைய ஆளின் போன் நம்பரும் அதில் இருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள். அன்றைக்குச் சாயங்காலம் ஒரு ஜோடி துறை முழுக்க ஓடி வந்தது. மேலே பால்கனியில் நின்றவர்கள் எல்லாம் கைதட்டி விசிலடித்தார்கள். அந்த அம்மாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடி வந்துவிட்டாள், அந்த மனிதர் பாதி வழியில் நின்று விழுந்த தொப்பியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தொப்பி போனால் போகட்டும் கண்ணு, ஓடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு அப்போது பதினொரு வயது. நியூ ஜெர்சி எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டுக்குப் பின்னால், ரயில் சத்தம் கேட்கும் அந்த இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்டில் இருந்தோம். உன் கிளாசில் பாதிப்பேர் கப்பலில் போய் வந்துவிட்டார்கள் என்று நீ ஒரு வருடமாகப் பிராண்டிக்கொண்டிருந்தாய். சரி என்று ஏப்ரல் லீவுக்கு புக் பண்ணினேன், பணம் திரும்பி வராத டிக்கெட். புக் பண்ணி இரண்டு மாதத்தில், ஆறு வருடமாக நகராமல் கிடந்த கிரீன் கார்டு வரிசை திடீரென்று நகர்ந்து எங்கள் தேதி வந்துவிட்டது. அட சாமி, அந்த வாரம் வீடு இருந்த இருப்பு உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியாது. மெடிக்கல், ஊசி, போட்டோ, ஈரோட்டிலிருந்து பிறப்புச் சான்றிதழ் என்று பறந்து விண்ணப்பம் போட்டோம். போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது, வெளியே போய்வர முன்கூட்டியே அனுமதிக் கடிதம் வாங்காமல் நாட்டைவிட்டுப் போனால் விண்ணப்பமே செத்துவிடும் என்பது எங்கள் செட்டில் எல்லாருக்கும் இருந்த பயம். அந்தக் கடிதத்துக்கும் விண்ணப்பித்திருந்தேன், வரவில்லை. நீ இங்கே பிறந்தவன், உனக்கு எந்தக் கடிதமும் வேண்டாம். எனக்கும் அம்மாவுக்கும்தான் பாடு.

கம்பெனி வக்கீலைக் கேட்டிருக்கலாம். இதுதான் நான் செய்த முதல் தப்பு, இதை மேகாவிடமும் சொல். வக்கீலிடம் கேட்டால் அது மேனேஜர் காதுக்குப் போகும், "இந்த நேரத்தில் உனக்குக் கப்பல் கேட்கிறதா" என்று நினைப்பார்கள் என்று பயந்துகொண்டு, சனிக்கிழமை பாட்லக் விருந்தில் முரளி அங்கிளைக் கேட்டேன். உனக்கு அவரைத் தெரியும், எல்லார் வீட்டு பாட்லக்குக்கும் தயிர் வடை கொண்டுவந்து எல்லார் விசா கேசுக்கும் தீர்ப்பு சொல்லும் மனிதர். தட்டைக் கீழே வைக்காமலே தீர்ப்பு சொன்னார். "ஒண்ணும் பயப்படாதீங்க. கப்பல்ங்கறது அமெரிக்க மண்ணு மாதிரி. எம்பஸின்னு வெச்சுக்கோங்களேன். கால் கீழ வெச்சாத்தான் நாட்டை விட்டுப் போன மாதிரி. டிபெண்டன்ட்ஸ் இறங்கலாம், ப்ரைமரி அப்ளிகன்ட் மட்டும் இறங்கக் கூடாது." ப்ரைமரி என்றால் நான், என் பெயரில்தான் கேஸ். எவ்வளவு தெளிவாகச் சொன்னார் என்கிறாய்! ஒரு சந்தேகம்கூட வரவில்லை எனக்கு. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள், "ஏனுங்க, கேஸு ஒண்ணுதானுங்களே? உங்க காலு பட்டாப் போயிரும், என்ற காலு பட்டா போகாதுங்களா? அதென்ன சட்டமுங்க?" எனக்குக் கோபம் வந்தது. உனக்கு ஒன்றும் தெரியாது, நீ சும்மா இரு என்று கத்தினேன். "நான் இறங்கத்தான் போறேன். பையன் ஒரு வருசமாக் கேக்கறான்," என்று சொல்லிவிட்டுக் குழாயை மூடினாள்.

முதல் துறைமுகம் சான் வான். அது அமெரிக்காவைச் சேர்ந்தது, அதனால் நான் ராஜா மாதிரி இறங்கினேன். கோட்டைச் சுவரில் நாம் மூன்று பேரும் எடுத்த போட்டோ இப்போதும் ஹாலில் மாட்டியிருக்கிறது. உனக்குச் சிவப்புத் தொப்பி வாங்கிக் கொடுத்தேன், இரண்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் அடுத்த தீவு வந்தது, நான் வரவில்லை என்றேன். "எனக்குக் கடல் ஒத்துக்கலைடா, நீங்க போயிட்டு வாங்க." நீ நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நேற்று குதித்துக்கொண்டிருந்த மனிதனுக்கு இன்று நின்ற கப்பலில் எப்படித் தலைசுற்றும்? உனக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பதினொரு வயதுப் பிள்ளை. திரும்பி வரும்போது இமிகிரேஷன் அதிகாரி ஏதாவது கேட்டால் "அப்பா இறங்கவே கூடாதுன்னு சொன்னாங்க" என்று நீ உளறிவிடுவாயோ என்று பயம். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவிடமும் வாக்கு வாங்கிவிட்டேன். பாஸ்போர்ட்டுகள் எல்லாவற்றையும் ரூம் லாக்கரில் வைத்துப் பூட்டி, பூட்டியிருக்கிறதா என்று நான்கு தடவை இழுத்துப் பார்த்தேன். இந்த இடத்தில் ஒரு யோசனை. நீ அப்படிச் செய்யாதே. பாஸ்போர்ட்டை ஒரு ஜிப்லாக் கவரில் போட்டு உன்னோடு எடுத்துக்கொண்டு போ. கப்பலைத் தவறவிட்டால் லாக்கரில் இருக்கும் பாஸ்போர்ட் லாக்கரோடு போய்விடும், நீ அரைக்கால் சட்டையோடு நிற்பாய்.

நீங்கள் இருவரும் போன பிறகு நான் மேல்தளத்தின் பின்பக்கம் போய், கொடிக்கம்பம் இருக்கும் இடத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தேன். அங்கிருந்து துறை முழுக்கத் தெரிந்தது. டாக்சிக்காரர்கள் எப்படிப் பேரம் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சில பேர் வெளியே வந்த உடனே முதல் வண்டியில் ஏறி மாட்டிக்கொண்டார்கள். சில பேர் கேட்டைத் தாண்டி நூறு அடி நடந்து, அங்கே சீருடை போட்ட டிரைவர்களோடு வரிசையாக நிற்கும் வண்டிகளில் ஏறினார்கள். நீ அந்த நூறு அடியை நட. தலைக்கு இவ்வளவா, வண்டிக்கு இவ்வளவா, போக மட்டுமா, திரும்பி வரவும் சேர்த்தா என்று ஏறுவதற்கு முன்னால் வாய்விட்டுக் கேள். எத்தனை மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போவார் என்பதையும் பேசிக்கொள். அம்மா இதையெல்லாம் அன்றைக்கு யாரும் சொல்லித்தராமலே செய்திருக்கிறாள். தலையில் பூப்போட்ட துணி கட்டிய, நல்ல ஆகிருதியான ஒரு டாக்சிக்கார அம்மாளோடு அவள் விரலை நீட்டி நீட்டிப் பேசுவது எனக்கு மேலே இருந்து தெரிந்தது. அந்த இங்கிலீஷ் அந்த அம்மாளுக்கு எப்படிப் புரிந்தது என்று தெரியவில்லை, ஆனால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். நீ கையாட்டினாய், நானும் ஆட்டினேன். எனக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் வெளியே நிற்க வைத்த மாதிரி இருந்தது.

மூன்று மணி இருக்கும். வெயில் தாங்காமல் கீழே இறங்கி, வெளியே போகும் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டேன். அங்கேதான் கப்பலில் கொடுத்த கார்டைத் தட்டினால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். அந்த மெஷினுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் சாய்வாக ஒரு பாலம், பாலம் முடிந்தால் துறை. அப்போது அம்மாவின் குரல் கேட்டது. "ஏனுங்க! இங்க வாங்க! பையனுக்குக் கால்ல முள்ளு ஏறிப்போச்சுங்க!" எட்டிப் பார்த்தேன். துறையில் ஒரு பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய், உன் கால் அம்மா மடியில். கடலுக்குள் பாறையோரம் கறுப்பாக, உடம்பெல்லாம் முள்ளாக ஒரு பிராணி கிடக்கும், அதன்மேல் வெறுங்காலோடு மிதித்துவிட்டாய். உள்ளங்காலில் ஏழெட்டு கறுப்பு முள். துண்டெல்லாம் ரத்தம். டாக்சிக்கார அம்மாள் எலுமிச்சம்பழத்தை வெட்டி உன் காலில் பிழிந்துகொண்டிருந்தாள், நீ அலறிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் அலறலை நிறுத்திவிட்டு, "அப்பா! அப்பா, ப்ளீஸ் கம்!" என்றாய். அம்மாவால் உன்னைத் தூக்க முடியாது, நீ அப்போதே அவள் தோளுக்கு வளர்ந்திருந்தாய். தூக்குவதற்கு நான்தான் வர வேண்டும்.

நான் வரவில்லை கண்ணு. இதை எப்படி மாற்றி எழுதினாலும் இந்த வாக்கியம் மாறமாட்டேன் என்கிறது. கார்டைக் கையில் எடுத்துவிட்டேன். மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற பையன், "யூ கேன் கோ, சர்," என்று வழிவிட்டான். வலது காலைத் தூக்கினேன் என்றுகூட நினைக்கிறேன். அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியது உன் கால் இல்லை. ஆறு வருட வரிசை, என் பெயரில் இருக்கும் கேஸ், நான் கால் வைத்தால் அடுத்த மாதம் எடிசனில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு உன்னை ஐந்தாம் வகுப்பின் நடுவில் பிய்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், இப்படி ஒரு படம். கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நீ இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாய், பிறகு கூப்பிடவில்லை. அந்த டாக்சிக்கார அம்மாள் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, குனிந்து உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பாலம் வரைக்கும் வந்தாள். கப்பல் ஆட்கள் இரண்டு பேர் சக்கர நாற்காலியோடு ஓடிப்போய் வாங்கிக்கொண்டார்கள். நீ கதவைத் தாண்டி உள்ளே வந்ததும்தான் நான் உன்னைத் தொட்டேன். நீ முகத்தை அம்மா பக்கம் திருப்பிக்கொண்டாய்.

கப்பல் டாக்டர் வெந்நீரில் காலை வைத்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டுப் போட்டு, ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார், ஆகிவிட்டது. அதனால் உனக்கும் மேகாவுக்கும் நான் சொல்வது, தண்ணீருக்குள் போட்டுக்கொள்ளும் ரப்பர் ஷூ இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள். மணலாகத் தெரிந்தாலும் சரி, எல்லாரும் வெறுங்காலோடு போனாலும் சரி. அன்றைக்கு இரவு சாப்பாட்டுக்கு மூன்று பேரும் போனோம். நான் தட்டை எடுத்துவரப் போனபோது அம்மாவிடம், "இஸ் அப்பா மேட் அட் மீ?" என்று கேட்டாயாம், எனக்கு உன் மேல் கோபமா என்று. அவள் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். பிறகு ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறாய், அவள் வாயை நான்தான் பூட்டியிருந்தேனே. நியூ ஜெர்சிக்குத் திரும்பி வந்தபோது அதிகாரி எங்கள் பாஸ்போர்ட்டுகளை ஒரு நிமிடம் புரட்டினார், உன் காலில் இருந்த கட்டைப் பார்த்து "என்னாச்சு?" என்று கேட்டார், முத்திரை குத்தினார், அவ்வளவுதான். பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்ததும் தப்பித்தோம் என்று ஸ்டியரிங்கைத் தட்டினேன். நேராக ஓக் ட்ரீ ரோட்டுக்கு ஓட்டி, இரண்டு நெய் ரோஸ்ட் தின்று, காபி குடித்து, வெயிட்டரோடு ஜோக் அடித்துச் சிரித்தேன். எதிரில் நீ காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்குக் கால் வலிக்கிறது, இந்த மனிதன் சிரிக்கிறானே என்று நினைத்திருப்பாய். ஏன் சிரிக்கிறேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டால் நீ என்னை அடிக்கவே வருவாய். எட்டு மாதம் கழித்து வேறு ஏதோ பேப்பருக்காகக் கம்பெனி வக்கீலிடம் பேசும்போது, மெதுவாக, யாரோ நண்பருக்கு நடந்த மாதிரி இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு, "அந்த நண்பர் நீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். என் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, "உங்களோட ஹெச்-1 வேலை விசா ஸ்டாம்ப் அப்ப வேலிட். ஃபேமிலிக்கும் வேலிட். வேலையும் அதே வேலை. கடிதம் தேவையே இல்லை. நீங்க இறங்கி டான்ஸ் ஆடியிருக்கலாம்," என்றார். கேட்க ஒரு மாதிரி இருந்தது. "அப்படியே தேவைப்பட்டிருந்தாலும், கப்பல் வேற நாட்டுத் துறைக்குப் போனாலே நீங்க வெளிய போனதாத்தான் அர்த்தம். உள்ள உட்கார்ந்திருந்தா தப்பிக்க முடியாது. கப்பல் அமெரிக்க மண்ணுன்னு யார் சொன்னது?" தயிர் வடை முரளி என்று சொல்ல முடியுமா? வீட்டுக்கு வந்து அந்தப் பயணத்துப் போட்டோக்களைப் பார்த்தேன். துறையிலிருந்து நீ எடுத்த ஒன்றில் நான் சின்னதாகக் கப்பலின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், தலைக்கு மேலே கொடி. பஹாமாஸ் கொடி. அட கெரகமே, அமெரிக்காவை விடக் கூடாது என்று ஒன்பது மணி நேரம் பஹாமாஸ் கொடிக்குக் கீழே காவல் காத்திருக்கிறேன்! உன் அம்மா அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும், "பையங்கிட்டச் சொல்லிருங்க," என்றாள்.

சொல்லவில்லை. முதலில் பயம் தடுத்தது, பயம் போன பிறகு வெட்கம் தடுத்தது. காரணமே இல்லாமல் பிள்ளையை அழவிட்டேன் என்று எந்த அப்பன் வாய் திறந்து சொல்லுவான்? வரிசை மறுபடியும் நின்றுபோய், நீ கல்லூரி இரண்டாம் வருடம் போனபோதுதான் கிரீன் கார்டு வந்தது. தபால் பெட்டி முன்னாலேயே நின்று கவரைக் கிழித்தேன், பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு வந்து ஏதாவது கெட்ட செய்தியா என்று விசாரித்தார். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அதற்கு முன்னால், உனக்குப் பதினாறு வயதில், டிரைவிங் பர்மிட் சண்டையில் நீ கதவைச் சாத்துவதற்கு முன்னால் சொன்னாயே, "யூ வுடன்ட் ஈவன் கெட் ஆஃப் த போட் ஃபார் மீ," என்று, அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அப்போதுதான் தெரிந்தது எனக்கு, நீ மறக்கவில்லை என்று. கடைசியாக உன் ரிசப்ஷனில் உன் சிநேகிதன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நிகில்'ஸ் டாட் டுக் தெம் டு த கரீபியன் அண்ட் நெவர் லெஃப்ட் த போட்!" என்றான், ஹாலே சிரித்தது. மேடையில் உன் பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன். ஓரக்கண்ணால் உன்னைப் பார்த்தேன், நீ மேகாவின் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாய். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் அம்மா காரில் கேட்டாள். "ஏனுங்க, ஒருக்கா நாம போயி இறங்கிட்டு வந்துரலாமுங்களா?"

போன மாதம் நாங்கள் ஃப்ளோரிடாவில் நண்பர் வீட்டுக்குப் போனோம் என்று உன்னிடம் சொன்னது பாதிதான் உண்மை. இரண்டு நாள் அவர் வீட்டில் இருந்தோம், மீதி நாள் கப்பலில். அதே தீவு வருகிற மாதிரி பார்த்து அம்மாதான் புக் பண்ணினாள். இந்தத் தடவை என் பையில் அமெரிக்க பாஸ்போர்ட், ஜிப்லாக் கவருக்குள் ஜிப்லாக் கவர். கார்டைத் தட்டினேன், 'டிங்' என்றது. பாலத்தில் நடந்தேன், கால் வைத்தேன். ஒன்றுமே ஆகவில்லை கண்ணு! வெறும் சிமென்ட் தரை, அங்கங்கே பறவை எச்சம். நெஞ்சில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருந்த ஏதோ எழுந்து போன மாதிரி அப்படி ஒரு மூச்சு வந்தது. அம்மா அதற்குள் டாக்சி பேசப் போய்விட்டாள். நாள் முழுக்கச் சுற்றினோம். நம் தோலுக்கு எதற்கு சன்ஸ்கிரீன் என்று நான் எகத்தாளம் பேசியதில் கழுத்தெல்லாம் உரிந்துவிட்டது, நீ பூசிக்கொள். கப்பலிலிருந்து வாழைப்பழம் எடுத்துப் போகக் கூடாது, கேட்டிலேயே பிடுங்கிவிடுவார்கள். அம்மா இரண்டு கொண்டுபோய் அங்கேயே நின்று ஒன்றைத் தின்று, இன்னொன்றை எனக்கு ஊட்டிவிட்டு நடந்தாள். மூன்று இடம் பார்க்க ஆசைப்படாதே, ஒரு கடற்கரை போதும், ஒரு சாப்பாடு போதும். ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்றேன், அம்மா எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன் என்று என் தலையைப் பிடித்து அமுக்கினாள். அவளுக்கும் நீச்சல் தெரியாது. கப்பல் கிளம்ப மூன்று மணி நேரம் இருக்கும்போதே துறைக்குத் திரும்பிவிட்டோம், என்னை உனக்குத் தெரியாதா! நீ ஒரு மணி நேரம் முன்னால் வந்தால் போதும்.

அந்த மூன்று மணி நேரம் இருந்ததால்தான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அதே இடத்தில் புதுப் பெஞ்சு போட்டிருந்தார்கள். அம்மா காட்டினாள், "இங்கதானுங்க." கப்பல் கதவிலிருந்து எத்தனை அடி என்று நடந்து எண்ணினேன், முப்பத்தொன்று. பிறகு நீ உட்கார்ந்திருந்த பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து கதவைப் பார்த்தேன். இத்தனை வருடமும் நான் ஒரு சமாதானம் வைத்திருந்தேன், உன்னிடம் சொன்னதில்லை. வெளியே நல்ல வெயில், நான் நின்றது உள்ளே நிழலில், அதனால் உனக்கு என் உருவம்தான் தெரிந்திருக்கும், முகம் தெரிந்திருக்காது என்று. அங்கே கதவில் ஒரு பையன் காவலுக்கு நின்றுகொண்டிருந்தான். அவன் மூக்கைச் சொறிந்தது தெரிந்தது. கொட்டாவி விட்டது தெரிந்தது. கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுகூடத் தெரிந்தது. அப்படியென்றால் நீ என் முகத்தைப் பார்த்திருக்கிறாய். நன்றாகவே பார்த்திருக்கிறாய். அதனால்தான் அன்றைக்கு அம்மாவிடம் அப்படிக் கேட்டாய்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, கண்ணு. துளிகூட இல்லை. நீ பார்த்தது ஒரு பயந்தாங்கொள்ளியின் முகம், அவ்வளவுதான். பதினொரு வயதில் உனக்குக் கோபத்துக்கும் பயத்துக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வழியில்லை, சொல்ல வேண்டியவன் நான். என்னை மன்னித்துவிடு. நீங்கள் போகும் ஊர்களில் இந்தத் தீவும் இருக்கிறது, லிஸ்டில் பார்த்தேன். மேகாவை அந்தப் பெஞ்சில் உட்கார வைத்து நடந்ததைச் சொல். இனிமேல் இந்தக் கதையைச் சொல்லும்போது, நான் ஏன் இறங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல். யார் எவ்வளவு சிரித்தாலும் பரவாயில்லை.

உன் அப்பா